உன் விருந்தாளிகளுக்குப் பால் தேத்தண்ணி

அன்பான மச்சான் அன்சார்,

உனக்கு ஸலாம். பதில் ஸலாம் வராது என்பது எனக்கு அவ்வளவு புதிதல்ல. உயிரோடு இருந்தபோதும் நீ கடிதம் எழுதியது உன் தங்கைக்குத்தான். கடைசி வரியில் "மச்சானுக்கும் என் ஸலாம்" என்று இருக்கும். சபியா அந்த வரியை மட்டும் சத்தமாக வாசிப்பாள். மற்றதெல்லாம் அவளுடைய முந்தானைக்குள் போய்விடும்.

ஊரில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், உன் தங்கையைக் கலியாணம் முடித்தவன், விஞ்ஞான ஆசிரியன் என்று காரணங்களை அடுக்கி என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். "எங்கள் மண் பெற்ற அறிவுச்சுடர் எண்டு தொடங்கினா எடுப்பா இரிக்கும் மாஸ்டர்" என்று மலர்க்குழுச் செயலாளர் யோசனையும் சொன்னார். அப்படித் தொடங்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் உனக்கே எழுதிவிடுகிறேன். ஊர் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

முதலில் நீ அறிய விரும்பும் செய்தி. சபியா வாயைத் திறக்கிறாளில்லை.

கதைக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள். நான் சொல்வது இடது கன்னத்தின் உட்பக்கம். நீ கண்டுபிடித்து, கண்டி ஆஸ்பத்திரியில் புற்றுக்குப் பயந்து வெட்டுவித்த இடம். வெட்டிய டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார்: நேரத்தோடு பிடித்துவிட்டீர்கள், ஆனால் இது போன இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும், விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நீ லீவில் வரும்போதெல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தாய். இந்த நோன்புக்கு முன்னால் உன் மாரடைப்புச் செய்தி இங்கிலாந்திலிருந்து தந்தியில் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கன்னத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அது மட்டுமல்ல. உனக்காக ஓதிய கத்தம் முடிந்த கிழமை, பின்வாசலில் இருந்து அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். புகையிலையும் வைத்து. நான் வருவதைக் கண்டும் கையை மறைக்கவில்லை.

"என்ன சபியா இது?"

"கூடப்பிறந்த காக்காவே போயிட்டாரு. இனி ஆருக்காக விடுறது?"

நான் இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன், மச்சான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நான் மெலிந்தவனும் இல்லை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து வெற்றிலையை விடு, புகையிலையை விடு என்று சொல்லி வந்தவன் நான். எங்கள் கரையில் வாயில் புற்று வந்து போனவர்களைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டினேன். படம் கீறியும் காட்டினேன். "உங்கட பாடத்தப் பள்ளியில படிச்சுக் குடுங்க" என்பாள். நீ வந்து ஒரே ஒரு நாள் "போடாத புள்ள" என்றாய். அன்றே வெற்றிலை வட்டாவைப் புளி போட்டு மினுக்கி அலுமாரிக்கு மேலே கவிழ்த்துவிட்டாள். அதே வட்டா இப்போது இறங்கியிருக்கிறது. ஏறியதும் உன்னால், இறங்கியதும் உன்னால். இடையில் நான் எங்கே இருந்தேன்?

நான் பொத்துவிலான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நீ பிறந்த வீடு உன் தங்கைக்குச் சீதனமாய்ப் போனது. அந்த வீட்டுக்குள் நானும் போனேன். சட்டப்படி பார்த்தால், லீவில் வருகிற நீ விருந்தாளி, நான் வீட்டுக்காரன். ஆனால் நீ வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பியது யார்? உனக்கு முதலில் சோறு வைத்தாள். மீன் தலையும் உனக்குத்தான். பாதையில் என்னைக் கண்டவர்கள் "காக்கா எப்ப வாறார் மாஸ்டர்?" என்று கேட்டார்கள். என் சுகத்தைக் கேட்டவர்களை நான் மறந்திருக்க மாட்டேன். அவ்வளவு குறைவு.

இரசாயனத்தில் உன்னை நான் ஒருநாளும் முன்னால் விட்டதில்லை. இதை மலரில் வேறு யாரும் எழுதமாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு நேர்முகத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம். கேட்ட கேள்விக்கு மட்டும் நான் விடை சொன்னேன். அவர்கள் கேட்காததற்கும் நீ சொன்னாய், நடுவில் சிரிக்கவும் செய்தாய். இருந்தது ஒரு இடம். நீ கப்பலேறினாய். நான் சோக்குக்கட்டியோடு திரும்பி வந்தேன். கூட்டாளியை மறக்காதவன் என்று பெயர் எடுக்க, உன் தங்கையை எனக்குத் தரச் சொல்லி வாப்பாவுக்குக் கடிதம் போட்டாய். அதற்கும் நான் உனக்குத்தான் நன்றி சொல்லவேண்டியிருந்தது.

சரி. கச்சான் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நீ ஒரு ஐஸ்பெட்டியோடு வந்து இறங்கினாய். ஊரே அதைச் சுற்றி நின்றது. உள்ளே விலை உயர்ந்த மருந்து இருக்கிறது என்றார்கள். நீ மூடியைத் திறந்து ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டி, "இது கச்சான்" என்றாய். கந்தூரிக்குக் கடதாசிச் சுருளில் விற்கிற அதே நிலக்கடலை.

ஆதம்பாவாக் காக்காவை நினைவிருக்கிறதா? கரைவலைக்காரர். கீழ்த் தாடையோடு பெரிய புண்ணை வைத்துக்கொண்டு, அதைப் பல்லுக் குத்திய காயம் என்று வருடக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர்தான் முதலில் கேட்டார்.

"தம்பி, கச்சான் திண்டா புத்து வரும் எண்டு சொல்லுறியா, இல்லாட்டி புத்தக் கச்சான் பிடிக்கும் எண்டு சொல்லுறியா?"

"கச்சான் பிடிக்கும் காக்கா."

"அப்ப பொலிஸ்ல சேக்கலாமே அத."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உனக்குச் சனங்கள் மத்தியில் சிரிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. என் பாடத்தில் பிள்ளைகள் சிரித்தால் நான் காரணம் விசாரிப்பேன்.

மலரை வாசிக்கிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன், உனக்குத் தெரியும். உடம்பின் ஒவ்வொரு கலத்தின், அதாவது உயிரணுவின், வெளிப்பக்கத்திலும் சீனி வகைகள் சின்னச் சின்னச் சங்கிலிகளாய் நிற்கின்றன. தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி இல்லை, அதன் சொந்தக்காரர்கள். நல்ல கலத்தில் சங்கிலி முழுதாய் இருக்கும், நுனியில் மூடி இருக்கும். கலம் கெடத் தொடங்கும்போது, புண் வருமுன்பே, கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்பே, சங்கிலியை அரைகுறையாய் விட்டுவிடும். உள்ளே மறைந்திருக்கவேண்டிய ஒரு சீனி வெளியே தெரியும். கச்சானில் ஒரு புரதம் இருக்கிறது. அது அந்தச் சீனியைக் கண்டால் கெட்டியாய்ப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தில் நிறம் பிடிக்கும் பொருள் ஒன்றைக் கட்டிவிட்டால், பிடித்த கலம் மைக்ரோஸ்கோப் என்கிற நுணுக்குக்காட்டியில் கபில நிறமாய், பழுப்பாய்த் தெரியும்.

இது நீ கண்டுபிடித்ததல்ல. உலகத்தில் பலர் செய்துகொண்டிருந்த வேலை. நீ செய்தது அதை வெற்றிலை போடும் வாய்களுக்குக் கொண்டுவந்து பார்த்தது. இதையும் மலரில் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

அந்தச் சீனியின் பெயர் காலக்டோசு. வருடா வருடம் அதன் வளையத்தைக் கரும்பலகையில் கீறி, மணி அடித்ததும் அழிப்பவன் நான். நீ அதைக் கையில் பிடித்து வைத்திருந்தாய். உன் பெட்டியை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று நீ ஒருமுறையாவது யோசித்தாயா?

நம் வீட்டு முன்மண்டபத்தில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள். முதல் நாள் மாலையிலிருந்து வெற்றிலை போடக்கூடாது, உப்புத் தண்ணியால் வாயைக் கொப்பளித்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தாய். எல்லோரும் அப்படியே செய்தார்கள். தட்டைக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை இலேசாய்ச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பூசி, காயவைத்தாய். பெண்கள் வெட்கப்பட்டு வராமல் இருந்தபோது சபியாவை முதல் ஆளாய் இருத்தி "ஆ" சொல்லச் செய்தாய். அதற்குப் பிறகு உள்ளறை நிறைந்தது. அதிபரிடம் கெஞ்சி, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியை எடுத்து வந்து கொடுத்தது நான். அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஆதம்பாவாக் காக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"மாஸ்டர், நீங்களும் அன்சார்ட பொட்டி தூக்குற ஆளாப் போயிட்டீங்களே."

நிறமேற்றிப் பார்த்தாய். ஒன்றிலும் கபிலம் இல்லை. எல்லாக் கண்ணாடியும் வெளுப்பு. நல்ல செய்தி என்று ஊர் சந்தோஷப்பட்டது. ஆனால் ஆதம்பாவாக் காக்காவின் கண்ணாடியும் வெளுப்பு என்றால் அது எப்படி நல்ல செய்தியாகும்? அந்தப் புண்ணை வீதியில் போகிறவனும் காண்பான். அவரையே பிடிக்காத கச்சான் வேறு யாரைப் பிடிக்கப்போகிறது? அடுத்த நாள் இன்னும் சிலரை எடுத்தாய். அதுவும் வெளுப்பு. பஸ் பயணத்தில் ஐஸ் உருகி, வெக்கையில் கச்சான் புரதம் கெட்டுவிட்டது என்று நீ முடிவு கட்டினாய். முகம் விழுந்துபோய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாய்.

உண்மையைச் சொன்னால், உன் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குக் கசக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கடைசியாக ஒரு முறை என்று ஆட்களைக் கூப்பிட்டிருந்தாய். நான் மண்டபத்து மூலையில் இருந்தேன். சபியா தட்டத்தோடு வெளியே வந்தாள். முதல் இரண்டு நாளும் போலவே கிண்ணம் கிண்ணமாய்ப் பால் தேத்தண்ணி. டின்பால் ஊற்றி, கரண்டி நிற்கும் அளவுக்கு. நீ இருந்த மேசைக்கு நேரே வரிசையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராய் எடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். என் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தால் இந்த வீட்டில் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? வெறுந் தேத்தண்ணி. ஓரத்தில் ஒரு துண்டு சக்கரை. நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.

"ஏன் எல்லாருக்கும் பால்?"

"காக்காட ஆக்கள். வெறுந் தேத்தண்ணி குடுத்து அனுப்பவா? ஊரு என்ன சொல்லும்?"

"என்ட ஆக்களுக்கு?"

"உங்கட ஆக்கள் ஒவ்வொரு நாளும் வாறாங்க."

அடுப்புக்குப் பக்கத்தில் வெறும் டின்கள் கவிழ்ந்து கிடந்தன. உன் ஆட்களுக்காக எத்தனை டின் உடைத்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்குள் அது விழுந்தது. பால். பாலில் இருப்பது பாற்சீனி. பாற்சீனியின் ஒரு பாதி காலக்டோசு.

கச்சான் புரதம் தேடுவது அதைத்தானே? வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர்கள் வரிசையில் இருக்கும்போதே டின்பால் குடிக்கிறார்கள். அது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் சாமான். குச்சியில் வருகிறது, கண்ணாடியில் காய்கிறது. நீ அவசரத்தில் கழுவியது போதவில்லை. கச்சான் கலத்துக்குப் போகுமுன்னே பாற்சீனி அதன் கையைப் பிடித்துவிடுகிறது. கை நிறைந்தவன் வேறு எதைப் பிடிப்பான்?

இதை இங்கிலாந்தில் இருக்கிற ஒருவன் யோசித்திருக்கமாட்டான். அங்கே பரிசோதனைக்கு வருகிறவனுக்கு யாரும் தேத்தண்ணி கொடுப்பதில்லை. இங்கே வாசல்படி ஏறியவனுக்குக் கொடுக்காமல் விட்டால் குடும்பத்தின் பெயர் போய்விடும். நீயும் இந்த ஊரான்தான், ஆனால் உனக்குப் பால் தேத்தண்ணி வருவது எப்போதும் வருவதுதானே. அதனால் உன் கண்ணில் அது படவில்லை. என் கண்ணில் பட்டது.

நான் வந்து சொன்னதும் நீ கையிலிருந்த குச்சியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு என் முதுகில் ஓங்கி அடித்துச் சொன்னாய்: "டேய், நீ இஞ்ச இரிக்கவேண்டிய ஆளே இல்லடா."

அந்த வார்த்தையை நீ அன்றே மறந்திருப்பாய். நான் இன்னும் வைத்திருக்கிறேன். நான் இங்கே இருந்தேன். நீ போனாய். இருக்கவேண்டிய ஆள் இல்லை என்று போனவன் வந்து சொன்னால் அதைப் பாராட்டு என்று எடுப்பதா?

அதோடு இன்னொன்றும் சொன்னாய். "சபியாட்டச் சொல்லாத. தான் கெடுத்துப்போட்டன் எண்டு நினைச்சு நினைச்சு அழுவா. பெட்டி வெக்கையில கெட்டது எண்டே இரிக்கட்டும்." நான் சரி என்றேன். அப்படித்தான் இன்று வரை ஊர் நம்புகிறது: பெட்டி கெட்டது, டாக்டர் அன்சார் சளைக்காமல் மறுபடி செய்தார் என்று. பிறகு நீ எழுதிய கட்டுரையின் கடைசியில் "உதவிய உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு" நன்றி போட்டிருந்தாய். ஒருவருக்கு. எனக்குப் பெயர் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். எங்கள் வகுப்பு இடாப்பில் உன் பெயருக்குக் கீழேதான் இருந்தது.

அடுத்த நாள் தேத்தண்ணி பரிசோதனைக்குப் பிறகு என்று நீ ஒழுங்கு செய்தாய். சபியாவிடம் "கூட்டம் குழம்புது புள்ள" என்று காரணம் சொன்னாய். எல்லோரையும் மறுபடி சுரண்டினோம். கண்ணாடிகளை நன்றாய்க் கழுவி, ஒருவர் மாறி ஒருவர் நுணுக்குக்காட்டிக்குக் குனிந்தோம். ஆதம்பாவாக் காக்காவின் கண்ணாடி கபிலமாய்ப் பிடித்திருந்தது. நீ பாடாத குறை.

அதற்குப் பிறகு என் முறை. சில வெளுப்பு. ஒன்றில் கலங்கள் குவியலாய், ஓரமெல்லாம் கபில நிறம் கட்டி, அச்சடித்த படம் போல் இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். நான் சொன்னது சரி. புண் இல்லாத ஒருவரில் கச்சான் பிடித்திருக்கிறது. "இந்தா பார், இந்தா பார்" என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடியின் நுனியில் ஒட்டியிருந்த பெயர்த்துண்டைத் திருப்பி வாசித்தாய். பிறகு கண்ணாடியை என் பக்கம் தள்ளினாய். நானும் வாசித்தேன்.

சபியா.

அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, மச்சான்? இன்னும் இடம் கிடைக்கவில்லை.

நீ உள்ளே போய் அவளை வெளிச்சத்தில் இருத்திப் பார்த்தாய். இடது கன்னத்தில் சுண்ணாம்பு பட்டது போல ஒரு வெளிறல், அவ்வளவுதான். நான் நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நிறம் பிடிச்சா புத்து எண்டு அர்த்தமில்ல புள்ள. பிடிக்காட்டி இல்ல எண்டும் அர்த்தமில்ல. வெட்டிப் பாக்கோணும் எண்டு சொல்லுது, அவ்வளவுதான்." அவள் "நீங்க வருவீங்களா காக்கா?" என்று கேட்டாள். "அவரும் வரட்டா?" என்று கேட்கவில்லை. கண்டிக்கு நீங்கள் இருவரும் போனீர்கள். நான் பிள்ளைகளோடும் சோதனை விடைத்தாள்களோடும் வீட்டில் இருந்தேன். வெட்டிப் பார்த்ததில், கெடத் தொடங்கியிருந்தது, ஆழம் போகவில்லை என்று தெரிந்தது. கன்னத்தில் தையலோடு திரும்பி வந்தாள். ஆதம்பாவாக் காக்காவுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அவர் அடுத்த கந்தூரியைக் காணவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய வாய் உன் சொத்தானது. நீ வந்தால் திறக்கும். நீ போனால் மூடிக்கொள்ளும். கன்னம் இழுக்கிறதா, எரிகிறதா என்பதை உனக்கு எழுதினாள், ஒரே பாயில் படுக்கிற எனக்குச் சொல்லவில்லை. நான் வெற்றி பெற்ற பரிசோதனையின் முடிவை நீ கொண்டுபோனாய்.

இப்போது நீ இல்லை. இந்த மாதங்களில் நான் சொல்லாததில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்றேன். யுத்தத்தில் மூடாமல் பாதை திறந்திருக்கும் நாள் பார்த்துக் கண்டிக்குப் போவோம் என்றேன். டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன். கடைசியில், வெட்கத்தை விட்டு, "காக்கா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்றும் கேட்டேன்.

"காக்கா இருந்தா சொல்லியிருக்கமாட்டார். வந்திரிப்பார்."

போன வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் மலர்க்குழு வந்தது. உன் சின்ன வயதுப் படம் கேட்டு வந்தார்கள். சபியா தட்டத்தோடு வந்தாள். பால் தேத்தண்ணி. செயலாளர் உறிஞ்சிக்கொண்டே, வெக்கையில் பெட்டி கெட்டும் நீ மனம் தளராத கதையை எனக்கே சொல்லிக் காட்டினார். "அதையும் எழுதுங்க மாஸ்டர், பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினை." அவர்கள் படலை தாண்டிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன்.

"அந்தப் பெட்டி கெடவே இல்ல. கெடுத்தது உன்ட பால் தேத்தண்ணி. அதக் கண்டுபிடிச்சது நான். உன்ட காக்கா இல்ல, நான்."

சபியா கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்டிக்குப் போற பஸ்ஸுல காக்கா சொன்னாரு. 'பெட்டி கெடல்ல புள்ள, உன்ட மாப்பிள்ளதான் கண்டவரு. அவரு இல்லாட்டி உன்ட கண்ணாடியும் வெள்ளையாத்தான் போயிரிக்கும்' எண்டு. 'அவராச் சொல்லட்டும், நீ கேக்காத' எண்டும் சொன்னாரு. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டே இரிந்தன். மூணு வருசம் மூக்குல கோவத்த வெச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்களே ஒழிய, சொல்லல்ல."

சபியாவிடம் சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே நீ சொல்லிவிட்டாய். எனக்கு வரவேண்டியதை என் கையில் தராமல் அவள் கையில் கொடுத்து வைத்திருந்தாய். நல்லவனாய் இருப்பதிலும் நீதான் முந்தவேண்டுமா?

"அப்ப ஏன் எனக்கு ஒரு நாளும் வாயக் காட்டல்ல?"

"எப்ப கேட்டீங்க?" இப்போது நிமிர்ந்தாள். "ஆஸ்பத்திரி எண்டீங்க. டாக்டர் எண்டீங்க. காக்கா இருந்தா எண்டீங்க. 'நான் பாக்கட்டா' எண்டு ஒரு நாள் கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

"நான் பாக்கட்டா?" என்றேன்.

அவள் கிணற்றடிக்குப் போய் வெற்றிலையைத் துப்பினாள். உப்புத் தண்ணியால் கொப்பளித்தாள். மூன்று முறை, நீ பழக்கியபடி. பின்வாசல் வாங்கில் மேற்கே பார்த்து இருந்து வாயைத் திறந்தாள். நீ விட்டுப்போன டோர்ச் ஜன்னலில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. வெயில் போதும்.

கண்டியில் தைத்த இடம் உடுப்பு மடித்துத் தைத்த ஓரம் போல இருந்தது. அதை முதல் முறையாய்க் காண்கிறேன். இந்த வீட்டில் எனக்குக் காட்டப்படாமல் இருந்தது அவ்வளவு சின்ன ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு வெளுப்பு. மெல்லிய துணியை விரலில் சுற்றித் துடைத்தேன். சுண்ணாம்பு துணியோடு வந்தது. அதன் அடியில் அரிசி நுனி அளவு ஒன்று வரவில்லை. மறுபடி துடைத்தேன். வரவில்லை.

"என்ன தெரியுது?" என்றாள், வாயைத் திறந்தபடியே.

"ஒரு வெள்ளை. என்ன எண்டு சொல்ல எனக்கு ஏலா."

"காக்காவும் அப்பிடித்தான் சொன்னாரு," என்றாள். வாயை மூடிக்கொண்டு என் கையிலிருந்த துணியை வாங்கினாள். "எப்ப போறம்?"

என்னிடம் கச்சான் புரதமும் இல்லை, நிறமும் இல்லை. உன் பெட்டி வெறும் பெட்டியாய் அறையில் கிடக்கிறது. இந்த வெளுப்பில் சங்கிலி முழுதா, அரைகுறையா என்று கேட்டுப் பார்க்க இந்தக் கரையில் இப்போது யாரும் இல்லை. அதற்காக உன் மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன். கொஞ்சம் கோபம்தான்.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் கண்டிக்குப் போகிறோம். நானும் அவளும். பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வட்டா மறுபடி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. கண்டிக்குப் போகும் வரை வீட்டில் பால் கிடையாது என்று சபியா சட்டம் போட்டிருக்கிறாள். அங்கே கத்தியால் வெட்டித்தான் பார்ப்பார்கள், கச்சான் வைத்துப் பார்க்கமாட்டார்கள், பால் குடித்தால் ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். "இரிக்கட்டும்" என்றாள். நேற்று மலர்க்குழு வந்தபோது அவர்களுக்கும் வெறுந் தேத்தண்ணிதான் போனது, ஓரத்தில் ஒரு துண்டு சக்கரையோடு. செயலாளர் கிண்ணத்துக்குள் இரண்டு தரம் பார்த்தார்.

இந்தக் கடிதத்தையும் சபியா வாசித்துவிட்டாள். அவள் சம்மதத்தோடுதான் அச்சுக்குப் போகிறது. ஒரு வரியை மட்டும் வெட்டினாள். உன்னைப் பற்றி நான் எழுதிய ஒரே நல்ல வரி என்று நினைத்திருந்தேன். "இது பொய், உங்களுக்கு அப்பிடித் தோணல்ல" என்றாள்.

இனி அந்தக் கன்னத்தைப் பார்ப்பவன் நான், மச்சான். கிழமைக்குக் கிழமை, பின்வாசல் வெயிலில், என் விரலில் சுற்றிய துணியோடு. என்ன சொல்லியிருப்பாய் என்று உன்னைக் கேட்கமாட்டேன். நீ லீவுக்கு லீவு பார்த்தாய். நான் இங்கே இருக்கிற ஆள். இதில் உன்னை முன்னால் விடமாட்டேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

சபியாவின் மாப்பிள்ளை,
உன் மச்சான்
இஸ்மாயில்